எறும்பு மொய்த்த சட்டை

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எறும்புக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நாலு பக்கத்துக்கு அதைத்தானே எழுதித் தள்ளியிருக்கிறாய்.

பயிற்சி முகாமில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் ஒரு வகையில் நல்லதுதான். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, நடுவில் எதையோ முழுங்கிவிட்டுப் படிக்கிறாய் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு தடவை படித்தாள். நான் ஒரு வரியை முழுங்கியது உண்மைதான். காலையில் வெறும் வயிற்றோடு மலை ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அம்மா கண்ணுக்கு எது தப்பும்? அன்றைக்கு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள்.

அங்கே உனக்கு இரும்பு என்று பெயராமே. எறும்பு இரும்பான கதையை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்துவிட்டாள். எழுத்து மாறினால் ஆள் மாறிவிடுவானாடா? அப்பா சட்டைப்பையில் எந்நேரமும் பிஸ்கட் இருக்கும், சட்டையைத் துவைக்கப் போட்டால் வாளியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டும். லேத் பட்டறையில் அவருக்கு எறும்பு என்று பெயர் வந்தது அப்படித்தான். அதே பிஸ்கட்டைப் புத்தகப் பையில் அள்ளிக்கொண்டு போன நீ குட்டி எறும்பு. பள்ளிக்கூடம் விட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பை ஒரு பக்கம் நீ ஒரு பக்கமாக ஓடி வருவாய். வந்ததும் கேட்பது என்ன? தின்ன என்ன கொண்டுவந்தாய் என்றுதான். எங்கள் வீட்டு ஆம்பளைகள் பசி தாங்க மாட்டார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பொய்யாக்கிவிட்டேன் என்று இப்போது மார்தட்டுகிறாய்.

நீ ஏன் வாயைக் கட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். எடை அதிகம் என்று மலை மீட்புப் படையில் முதல் தடவை உன்னைத் திருப்பி அனுப்பியது மட்டும் காரணமில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்தபோது பெரியப்பா வாசலில் நின்று பேசியது உன் காதில் விழுந்தது. "வாயைக் கட்டியிருந்தா இன்னும் இருந்திருப்பான்" என்றார். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நீ ஒரு நாளும் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டதில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எலி வீட்டுக்குப் புதுக் கூட்டம் வந்திருக்கிறது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டுகள் இருக்கும் அறைக்கு எலி வீடு என்றுதான் பெயர். எலியைத் தூங்கவைத்து, நெஞ்சு முடியை மழித்து, பசை தடவி, இதயம் அடிப்பதை ஸ்கேன் திரையில் பிடித்து அளப்பது என் பாடு. இந்தக் கூட்டத்தில் பாதி எலிகளுக்கு இதயத்தில் ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் அடைத்துவைத்திருக்கிறார்கள். எந்த எலி எது என்று என்னிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால் என் கண் அதற்கு ஏற்றபடி பார்க்குமாம். இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே, பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நானும் மல்லுக்கட்டினேன். ம்ஹூம். ஓய்வில் இருக்கும்போது எல்லா இதயமும் ஒரே மாதிரி அழகாக மூடித் திறக்கிறது.

பிறகு ஒரு ராத்திரி தீனியை எடுத்துவிட்டு, காலையில் ஓடவிட்டோம். ஜிம்மில் இருக்குமே ஓடுகிற பெல்ட், அதே மாதிரி எலி அளவில் ஒன்று இருக்கிறது. கூட்டத்திலேயே கொழுகொழு என்று ஒன்று இருந்தது. அதற்குப் பயில்வான் என்று நான்தான் பெயர் வைத்தேன். இது கட்டாயம் ஆரோக்கியமான எலி என்று பக்கத்தில் இருந்தவளிடம் டீ பந்தயம் கட்டியிருந்தேன். மற்றவை ஓட, பயில்வான் பாதியில் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. துடிக்கவில்லை, கத்தவில்லை. எடுத்துப் பார்த்தபோது உயிர் இல்லை. அது மரபணு அடைத்த எலிதான் என்று அப்புறம் தெரிந்தது. பந்தயத்தில் தோற்றுப்போனேன்.

ஏன் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அந்த எலி உட்கார்ந்த விதம் கண்ணிலேயே நிற்கிறது.

காலையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வாய் எதையாவது போட்டுக்கொள். உன் எடை ஒரு பிஸ்கட்டில் ஏறிவிடாது. பொட்டலம் அனுப்பினால் உள்ளே விடுவார்களா என்று விசாரித்து எழுது. அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். பாப்பா ஒரு படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். அது மலையாம். எனக்குக் குப்பைமேடு மாதிரி தெரிகிறது, அவளிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அக்கா

*

செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதம் போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிறது, உன் பதில் வருவதற்கு முன்னாலேயே அடுத்த கடிதம் எழுதுகிறேன். பயந்துவிடாதே. அம்மா, பாப்பா, மாமா எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு ஒரு சோதனை செய்தார்கள், அதற்காக இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். படித்து முடிக்கிற வரைக்கும் கோபப்படாதே. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பட்டுக்கொள்.

போன வாரம் டீ குடிக்கும்போது பயில்வானைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் மேடமும் இருந்தார். இந்த ஆராய்ச்சியை நடத்துகிறவர் அவர்தான். நான் வாய் சும்மா இல்லாமல், எங்கள் அப்பாவும் இப்படித்தான் மேடம், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை என்றேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு உங்கள் அப்பா என்ன சாப்பிட்டிருந்தார் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா எவ்வளவு சாப்பிடுவார் என்று கேட்காத ஆள் கிடையாது. அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே தம்பி.

யோசித்துப் பார். அப்பாவுக்கு அப்போது வாந்தி, வயிற்றுப்போக்கு. வாந்தி நின்ற பிறகும் எதுவும் இறங்கவில்லை, வெந்நீர்தான் குடித்துக்கொண்டு கிடந்தார். அன்றைக்குப் பார்த்துப் பட்டறைக்குப் புது மெஷின் லாரியில் வந்து இறங்கியது. அதைச் சரியான இடத்தில் நகர்த்தி உட்காரவைக்க அவரைவிட்டால் ஆள் இல்லை என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா போகாதே என்றாள். இதோ வந்துவிடுகிறேன் என்று போனார். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, மெஷின் உட்கார்ந்ததும், "கொஞ்சம் உக்கார்றேன்பா" என்று சொல்லி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு ரத்தக்குழாயில் அடைப்பு எதுவுமே இல்லை என்று மாமாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். அழுகையும் கூச்சலுமாக இருந்த நேரம். யார் காதில் ஏறியது? நெஞ்சடைப்பு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தின்றே போனான் என்று பெரியப்பா தீர்ப்பும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா வயிற்றில் ஒன்றுமே இல்லை தம்பி. சட்டைப்பையிலும் இல்லை. அந்தச் சட்டையை நான்தான் துவைத்தேன். ஒரு எறும்புகூட வரவில்லை.

இதைக் கேட்டதும் மேடம் குடும்பத்தில் வேறு யார் என்று கேட்டார். சித்தப்பா. மீன் மாதிரி நீந்துகிறவர் நீச்சல் போட்டியில் மூழ்கிப்போனார் என்று சொல்லுவார்களே. வயிறு லேசாக இருக்கட்டும் என்று முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லை என்று அம்மா இப்போது கேட்டதும் சொல்கிறாள். அப்புறம் நான். பாப்பா பிறந்தபோது வலி நீண்டுகொண்டே போய், தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்து, கடைசியில் எனக்கு மூச்சுத் திணறி, நீ ரத்தம் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரியெல்லாம் நின்றாயே. பலவீனம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மேடம் எனக்குச் சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இதயத்துக்கு ஒரு நொடி லீவு கிடையாது. அதற்கு இரண்டு அடுப்பு. பெரிய அடுப்பில் எரிவது கொழுப்பு, சின்ன அடுப்பில் சர்க்கரை. சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அப்போது கொழுப்பைத்தான் நம்ப வேண்டும். வெறும் வயிற்றோடு ஓட்டம், குளிர், காய்ச்சல், பயம் என்று சுமையும் சேர்ந்து ஏறினால், கொழுப்பை எரிக்கிற சாமான்களை இன்னும் நிறைய செய்யச் சொல்லி உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவைப் போடுகிற மரபணு ஒன்று இருக்கிறது. அது தன் கையால் எதையும் எரிப்பதில்லை. கட்டட வேலையில் மேஸ்திரி செங்கல் தூக்குவதில்லையே, அந்த மாதிரி. மற்ற மரபணுக்களை வேலைக்கு எழுப்புவதுதான் அதன் வேலை. சாதாரண நாளில் மேஸ்திரி தூங்கினாலும் வேலை ஒரு மாதிரி ஓடிவிடும். பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஈசிஜி எடுத்தால் தெரியாது. ஓய்வில் ஸ்கேன் எடுத்தால் எனக்கே தெரியவில்லை என்று எழுதினேனே. சுமை ஏறுகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

இன்று மேல்மாடி இதயப் பிரிவில் என்னைப் படுக்கவைத்து, இதயத்தை விரட்டுகிற மருந்தை ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். திரை எனக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. மருந்து ஏற ஏற துடிப்பு வேகமானது. வேகமானால் இறுக்கமும் கூட வேண்டும். கூடவில்லை. என் இதயம் வேகவேகமாகச் சும்மா படபடத்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த பெண் என்னைச் சமாதானப்படுத்த ஏதோ பேச்சுக் கொடுத்தாள். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் சோறே அதைப் பார்ப்பதில்தானே வருகிறது. பயில்வானுடைய இதயத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது.

ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். மரபணுவைப் படித்துச் சொல்ல நாளாகும். அது வருகிற வரைக்கும் நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாயைக் கட்டாதே. வெறும் வயிற்றோடு ஒரு படி ஏறாதே. முகாம் டாக்டரிடம் போய் அப்பாவையும் சித்தப்பாவையும் என்னையும் சொல்லி, சுமை கொடுத்துச் சோதனை செய்யச் சொல். உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி என்கிறார் மேடம்.

டாக்டரிடம் சொன்னால் படையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. முகாம் ஆபீசுக்கு என்ன ஆனாலும் போன் போட்டு மானத்தை வாங்கமாட்டேன் என்று கிளம்பும்போது என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். நீயே போய்ச் சொல். உடனே பதில் போடு.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கலாமா என்று மேடம் கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். தைரியம் வரவில்லை.

உன்,
அக்கா

*

வியாழக்கிழமை

தம்பிக்கு,

ஒரு வாரத்துக்கு மேல் காக்கவைத்து உன் பதில் வந்தது. ஒரு பக்கம்தான் இருந்தது, அதிலும் பாதி கோபம்.

எலியையும் உன்னையும் ஒரே கூண்டில் போடாதே என்று எழுதியிருக்கிறாய். சரி, போடவில்லை. முகாமில் நுழையும்போதே ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்து முதல் தரம் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும்தான் ஓய்வில் ஈசிஜி எடுத்தார்கள். என்னுடையதும் முதல் தரம்தான். பயிற்சியின் கடைசி மலை ஏற்றம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அன்று காலையில் எடை பார்ப்பார்கள், அது முடிந்துவிட்டால் அம்மா போடுகிற எல்லாவற்றையும் தட்டோடு சாப்பிடுகிறேன், அதுவரைக்கும் என்னை விட்டுவிடு என்று கெஞ்சியிருக்கிறாய். நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. கெஞ்சிவிட்டாயே.

கடைசியில் விளையாட்டாக ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார். போன ஏற்றத்துக்கு அப்புறம் தொடையெல்லாம் கல்லாகிப்போய், மூத்திரம் பால் விடாத டீ மாதிரி கறுப்பாகப் போனது, இரும்பு என்றால் துரு பிடிக்காமல் இருக்குமா என்று உன் கூட்டாளிகள் கேலி செய்தார்கள் என்று. தண்ணீர் குறைவாகக் குடித்தால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று பயிற்சியாளர் சொன்னாராம். எல்லாருக்கும் அப்படிப் போனதா? நீ யாரையாவது கேட்டாயா? மேடத்திடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். எரிக்க எதுவும் இல்லாமல் போனால் தசை தன்னையே கரைத்துக்கொள்ளும், அது கரைந்து போகிற நிறம் அது என்றார். தொடைத் தசைக்கு அந்த நிலைமை என்றால் இதயமும் தசைதானே தம்பி.

என் ரத்தப் பரிசோதனை முடிவும் நேற்று வந்துவிட்டது. அந்த மேஸ்திரி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அவ்வளவு பெரிய சங்கதியில் ஒரே ஒரு எழுத்து. எழுத்து மாறினால் ஆள் மாறிவிடுவானா என்று உன்னைக் கிண்டல் செய்து எழுதின கை இது. அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் இல்லை.

ஆமாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரத்தம் எடுக்க வேண்டுமே, எப்படி மறைப்பது? நான் சொல்லி முடித்ததும், "அப்ப அந்த மனுஷன் ஆசைக்குத் தின்னலையா?" என்று கேட்டாள். இல்லைம்மா, அவர் உடம்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது, அந்த பிஸ்கட்தான் அவரை அத்தனை வருஷம் ஓட்டியது என்றேன். சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அவரைத் திட்டின திட்டை நினைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய்க் கடையில் பிஸ்கட் வாங்கிவந்து உன் பழைய பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

இனி நீ கோபப்படலாம். சத்தியத்தை மீறிவிட்டேன். நேற்று மதியம் உங்கள் முகாம் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசி ஏத்தம்னா எல்லா வீட்லேர்ந்தும் இப்படித்தாம்மா போன் வரும். உங்க தம்பிதான் இந்த பேட்ச்லயே ஸ்ட்ராங்கு" என்றார். டாக்டரிடம் கொடுங்கள் என்றேன். டாக்டர் வேறு முகாமில் இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்துக்குத்தான் வருவாராம். வந்ததும் சொல்கிறேன் என்றார். எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன். எழுதிக்கொண்டேன் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன்னைப் பேசச் சொல்லிக் கேட்டதற்கு விதி இடம் கொடுக்காது என்றார். மேடமும் தன் பங்குக்கு டாக்டர் பெயருக்கு ஆபீஸ் காகிதத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அதுவும் அதே மேஜைக்குத்தான் வரும்.

உன் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டாள் அக்கா என்று காலத்துக்கும் சொல்லிக்கொண்டு இரு. கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் விழிக்காதே என்று சொன்னாலும் பரவாயில்லை. அதைச் சொல்ல நீ இருக்க வேண்டும், எனக்கு அதுதான் கணக்கு. படையில் மலை ஏறுகிற வேலை மட்டும்தானா இருக்கிறது? வயர்லெஸ் இருக்கிறது, வண்டி ஓட்டுவது இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் வந்தால் படுத்துக்கொண்டு, கிழவனாகிற வரைக்கும் இருக்கலாம் என்று மேடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு ஏற்றத்துக்கு முன்னால் வந்து சேருமா என்று தபால் ஆபீசில் கேட்டேன். வரலாம் என்றார்கள். வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் மாமாவிடம் பஸ் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். என்னால் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்து முடித்ததும் ஒரு கை சர்க்கரையாவது வாயில் போட்டுக்கொள். ஏறாதே என்றுதான் சொல்கிறேன். என் பேச்சைக் கேட்கமாட்டாய் என்று தெரிந்து சர்க்கரையையும் சொல்கிறேன்.

அக்கா

*

ஞாயிற்றுக்கிழமை, உங்கள் முகாம் வாசல்

என் தங்கமே,

நான் மலைக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டேன். காவல் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. இல்லாவிட்டால் நீ கிளம்புவதற்கு முன்னாலேயே வந்து உன் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். பனி இப்போதுதான் விலகுகிறது. இங்கிருந்து பார்த்தால் நீங்கள் ஏறுகிற பாதை தெரிகிறது, ஆட்கள் தெரியவில்லை.

காவல்காரர் நல்ல மனிதர். உன்னை நன்றாகத் தெரியும் என்றார். காலையில் எடை சரியாக இருந்தது, உனக்கு ஒரே சந்தோஷம், வாசலைத் தாண்டும்போது அவருக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனாய் என்றார். ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டேன். எடை பார்த்துவிட்டு நேராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், யாருக்கும் நேரமில்லை என்றார். என் கடிதம் உன் கைக்கு வந்ததா என்று கேட்டேன். நேற்றைய தபால் இன்னும் பிரிக்கவில்லை. கட்டு அப்படியே மேஜைமேல் இருக்கிறது. மேல் உறையில் இருப்பது என் கையெழுத்துதான், நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே தெரிகிறது.

டாக்டர் சற்று முன்புதான் வந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார். கறுப்பு மூத்திரம் என்றதும் மருந்துப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குளுக்கோஸ் பாட்டிலோடு தண்ணீர் கொண்டுபோகிற ஜீப்பில் மேலே கிளம்புகிறார். ஜீப் பாதி மலை வரைக்கும்தான் போகுமாம், அதற்கு மேல் நடை. டிரைவர் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். அம்மா அடுக்கிக் கொடுத்த பையையும் இத்தோடு டாக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நசுங்கியிருக்கும். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், எறும்பு ஏறிவிட்டது. தட்டிவிட்டுச் சாப்பிடு.

காவல்காரரிடம் வயர்லெஸ்ஸில் உன்னைக் கேட்கச் சொன்னேன். ரொம்ப நேரம் இரைச்சல்தான் வந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது. "எல்லாரும் ஏறிக்கிட்டிருக்காங்க, ஒருத்தர் மட்டும் உக்காந்துட்டார்" என்றது. யார் என்று கேட்பதற்குள் மறுபடியும் இரைச்சல். காவல்காரர் இன்னும் வயர்லெஸ்ஸைத் திருகிக்கொண்டிருக்கிறார். வேறு யாராவது இருக்கும்மா, இரும்பு உட்கார்ற ஆள் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நான் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை தம்பி. அப்பாவும் உட்கார்ந்துதான் போனார். ஆனால் அவர் மெஷினை நகர்த்தி முடித்த பிறகுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தது நீ என்றால், பாதியிலேயே உட்கார்ந்திருக்கிறாய். முடியவில்லை என்று தெரிந்து, வெட்கப்படாமல், மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். அப்படித்தான் இருக்க வேண்டும். உட்கார்ந்தது நீயாக இருக்கட்டும். ஏறிக்கொண்டே இருப்பவன் நீயாக இருந்துவிடக் கூடாது.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். டாக்டர் வருகிற வரைக்கும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதே. யார் சிரித்தாலும் எழுந்திருக்காதே. குளுக்கோஸ் ஏற்றினால் கையை நீட்டு. அப்புறம் ஜீப்பிலேயே உட்காரவைத்துக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.

வாசல் கம்பிக்குப் பக்கத்தில், பாதையைப் பார்த்தபடிதான் நிற்பேன். வண்டி திரும்பும்போதே என் நீலப் புடவை தெரியும். தெரிந்ததும் குதித்து இறங்கிவிடாதே. மெதுவாக இறங்கி, மெதுவாக நடந்து வா. ஓடி வராதே. நான் இங்கேயேதான் இருப்பேன்.

உன்,
அக்கா